உர்ப்போ வீட்டுக் கொடி ஆடினால் துணி துவைக்கலாம்

"இந்த வீட்டுல இனிமே கரண்டை எப்போ செலவழிக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று டார்மோ அறிவித்தபோது, அவன் மனைவி சிர்க்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். மணிக்கொரு விலை வைக்கும் மின்சார ஒப்பந்தத்துக்கு மாற்றச் சொல்லி அவன் கம்பெனிக்கு எழுதியிருந்தான். காற்று அடித்தால் காற்றாலை சுற்றும், விலை விழும். காற்று நின்று குளிர் இறுகினால் ஊரே ஹீட்டர் போடும், விலை கூரையேறும். செல்போனில் அன்றைய சந்தை விலையைப் பார்த்தால் மலிவான நேரம் பச்சை, மற்றது சிவப்பு.

"சிவப்புல வாஷிங் மெஷின் கிடையாது. அடுப்பு கிடையாது. சவுனா கிடையாது."

"சனிக்கிழமை சவுனாகூடவா?"

"அது சனிக்கிழமைன்னு கரண்டுக்குத் தெரியுமா?"

பின்லாந்தில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது! சனிக்கிழமை மாலை சவுனா அறையில் உட்கார்ந்து, கொதிக்கும் கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தால்தான் அவனுக்கு வாரமே முடியும். ஆனால் வீரம் வந்துவிட்டால் நாக்கு கேட்பதில்லை.

"யாராவது மீறினா?"

"சிவப்புல சவுனா போட்டவங்க, வசந்தம் வர்ற வரைக்கும் வாசல் பனியை அள்ளணும்."

"சரி டார்மோ."

இவ்வளவு சீக்கிரம் சரி வந்ததே, அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா எனக்கு இந்தப் பச்சை சிவப்பெல்லாம் புரியாதுப்பா. எந்த மெஷினை எப்போ போடணும்னு நீதான் பார்த்துக்கணும்."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று நெஞ்சை நிமிர்த்தினான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

பச்சைக்கு நல்ல பழக்கம் ஒன்றும் கிடையாது. விடியுமுன் வந்து நிற்கும். டார்மோ எழுந்து துணி போட்டான். பாத்திரம் போட்டான். அடுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏலக்காய் ரொட்டி சுட்டான். பகலில் பக்கத்து வீட்டு உர்ப்போவின் கம்பத்துக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கொடி அசைந்தால் காற்று. காற்று என்றால் பச்சை. உடனே அழுக்குக் கூடையோடு ஓடினான். காதலிக்கும் காலத்தில்கூட அவன் அப்படி ஓடியதில்லை.

சிர்க்கா போர்வைக்குள்ளிருந்து, "இன்னிக்கு வெள்ளைத் துணியா, கலர் துணியா?" என்று மட்டும் அக்கறையாகக் கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமை காற்று செத்துப்போனது. கொடி ஈரக் காலுறை மாதிரி தொங்கியது. செல்போன் முழுக்க ரத்தச் சிவப்பு. மாலையில் சிர்க்கா துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"உர்ப்போ வீட்டுக்கு. அவங்களது விறகு சவுனா. விறகுக்குச் சிவப்பு கிடையாதாம். நானும் அவர் பொண்டாட்டி ஹில்க்காவும் முதல்ல போறோம்."

"அப்புறம் உர்ப்போ தனியாத்தானே போவான்? என்னைக் கூப்பிடலையா?"

"கூப்பிட இருந்தாங்களாம். நீ அந்தச் சவுனாவை மியூசியத்துக்குக் குடுத்துடுன்னு சொன்னியாமே? ஹில்க்காவுக்கு ஞாபகம் இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. டார்மோ ஃபிளாஸ்க்கில் ஆறிப்போன காப்பியைக் குடித்தான். ஜன்னல் இடுக்கில் பிர்ச் விறகின் புகை வாசனை வந்தது. தாங்கினான். பிறகு பெண்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. அதைத் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை, யாருக்குத் தெரியப்போகிறது என்று சவுனா சுவிட்சைத் திருகினான்.

ஹில்க்காவோடு காப்பி குடித்துவிட்டு சிர்க்கா நிதானமாகத் திரும்பி வந்தபோது, அவன் மேல்பலகையில், அவித்த நண்டு நிறத்தில் உட்கார்ந்திருந்தான்.

"டார்மோ, இப்போ என்ன கலர்?"

"கொஞ்சம்... ஆரஞ்சு மாதிரி."

அவள் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நகரு. இரண்டாவது தடவையும் குளிக்கலாம். நமக்கு எல்லா நேரமும் ஒரே விலைதான்."

"என்னது?"

"ஒப்பந்தம் என் பேர்ல இருக்கு. மாத்தலாமான்னு கம்பெனிக்காரங்க அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

"அப்போ இத்தனை நாளா நான் விடியக்காலையில எழுந்து..."

"துணி துவைச்சே. பாத்திரம் கழுவினே. அந்த ஏலக்காய் ரொட்டி! எவ்வளவு அழகா இருந்தே தெரியுமா? சொல்ல மனசே வரலை."

கோபப்படத்தான் நினைத்தான். ஆனால் ஆவி இதமாக இருந்தது. தோளில் அவள் தலை சாய்ந்திருந்தது. திடீரென்று அவனுக்கு வழி ஒன்று தெரிந்தது.

"இரு, இரு! நமக்குச் சிவப்பே கிடையாதுன்னா, பனி அள்ளுற தண்டனையும் கிடையாது!"

"உன் செல்போன்ல என்ன கலர்?"

"...சிவப்பு."

"தெரிஞ்சுதானே சுவிட்சைப் போட்டே?" என்று அவள் ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் வீசினாள். ஆவி சுரீரென்று அவன் காதைக் கடித்தது.

சரி, பனியோடு போகட்டும். இனி விடியும் வரைக்குமாவது தூங்கலாம் என்று படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உர்ப்போ வீட்டுக் கொடி படபடத்தது. டார்மோ வாஷிங் மெஷினில் துணியை அடைத்து, சோப்புத்தூள் போட்டு, பட்டனையும் அழுத்திய பிறகுதான் அவனுக்கு முழு விழிப்பு வந்தது.

படுக்கையறையிலிருந்து குரல் கேட்டது: "அப்படியே வாசலையும் பாத்துடு, ராத்திரி நல்ல பனி!"