இறங்க மறுத்த தவிசாளர்

உயரமான கதிரையில் உட்கார வைத்தால் மனிதருக்கு முதலில் காது கேட்காமல் போகும். இது ஆராய்ச்சி முடிவல்ல. கண்டியில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் நானே பட்டது.

அப்போது பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். நகரத்திலிருந்த தனியார் கல்வி நிலையம் ஒன்று அரசியல் பாடத்துக்கு ஆசிரியர் தேடியது. நேர்முகத் தேர்வுக்குப் பதிலாக மாதிரி மேல்சபை ஒன்றை நடத்தினார்கள். (நாட்டில் இருந்த மேல்சபையை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். ஆகவே யாரும் வந்து பிழை பிடிக்க முடியாது என்று நினைத்தேன்.) மாணவர்கள் உறுப்பினர்கள். விண்ணப்பித்த இருவரில் நான் சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர், திகனயிலிருந்து வந்த நஸ்ரின் பிரதித் தவிசாளர். நிலையத்தின் பணிப்பாளர் முதல் வரிசையில் இருந்து பார்ப்பார்.

அவர்கள் தந்த விதிப்புத்தகத்தில் தவிசாளரின் அதிகாரங்களை மனப்பாடம் செய்தேன். தவிசாளரை நீக்கும் பகுதியைப் படிக்கவில்லை. நம்மை யார் நீக்கப்போகிறார்கள்?

அன்றைய சட்டமூலம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவச பஸ். நான் பன்விலயிலிருந்து மிதிபலகையில் தொங்கியே படித்து முடித்தவள். வாக்கெடுப்பில் ஆதரித்தவர்களோடு சேர்ந்து என் கையும் தானாக உயர்ந்துவிட்டது. அந்த ஒரு வாக்கால் இரண்டு பக்கமும் சமமானது. சமமானால் தவிசாளர் அறுதி வாக்கு போடலாம் என்பது விதி. அதையும் போட்டேன். சட்டமூலம் நிறைவேறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்க்கட்சித் தலைவனாக இருந்த கம்பளைப் பையன் ரஷீத் எழுந்தான்.

"தவிசாளருக்கு முதல் வாக்கே இல்ல. சமமானாத்தான் வாக்கு. நீங்க ரெண்டு தரம் போட்டிருக்கீங்க. உங்கள நீக்கச் சொல்லிப் பிரேரணை கொண்டு வாறோம்."

"விவாதிக்கலாம், உட்காருங்க" என்றேன் கம்பீரமாக.

நஸ்ரின் என் காதருகே குனிந்தாள். "அக்கா, கீழ இறங்குங்க. உங்களப் பத்தின பிரேரணைக்கு நீங்க தலைமை தாங்க ஏலாது. நான்தான் இருக்கணும்."

வேலைக்குப் போட்டியாக வந்தவள் கதிரையையும் கேட்கிறாளே என்றுதான் எனக்குப் பட்டது. "பிரதித் தவிசாளர் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்" என்று ஒலிவாங்கியிலேயே சொன்னேன். நஸ்ரின் முகம் வாடிப்போனது.

பார்வையாளர் பகுதியில் இருந்த அம்மாவுக்கு (வரவேண்டாம் என்று கெஞ்சியிருந்தேன்) ஒன்று மட்டும் புரிந்தது. யாரோ மகளை எழும்பச் சொல்கிறார்கள்.

"யாரு சொன்னாலும் எந்திரிக்காத புள்ள" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நானும் எழும்பவில்லை. என்னைத் திட்டிப் பேசியவர்களுக்கெல்லாம் நானே நேரம் ஒதுக்கினேன். என்னைக் காப்பாற்றிப் பேசியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கினேன். பிறகு வாக்கெடுப்பு. அதுவும் சமமாக வந்து தொலைத்தது. என்னை நீக்கக் கூடாது என்று அறுதி வாக்கை எனக்கே போட்டு, பிரேரணை தோற்றதாக அறிவித்தேன். மண்டபம் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த தண்ணீர்கூட நடுங்கியது. அம்மா மட்டும் கைதட்டினார்.

அந்தக் கைதட்டலில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இறங்கிவர மூன்று படிதான். கால் வரவில்லை.

வாசலில் பணிப்பாளர் மெதுவாகச் சொன்னார். "மிஸ், நாங்க தேடுறது அரசியல் படிப்பிக்கிற ஆள. அரசியல் செய்ற ஆள இல்ல."

வேலை நஸ்ரினுக்குக் கிடைத்தது. பன்வில பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன். அம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம், "நம்ம புள்ளதான் ஜெயிச்சிச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வாழ்க்கை நடத்துவது வேறொரு வேலையால். ஆனால் வீட்டில் அந்த விதி மட்டும் அமுலில் இருக்கிறது. என்னைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மகள் உடனே, "அம்மா, நீங்க தள்ளி இருங்க. அப்பா தலைமை தாங்கட்டும். நீங்க பேசலாம், வாக்கு இல்ல" என்பாள்.

நேற்று என் சமையலைப் பற்றிய பிரேரணை வந்தது. நானும் நீண்ட நேரம் பேசிப் பார்த்தேன். ஏகமனதாக நிறைவேறியது. இன்று மத்தியானம் எல்லோருக்கும் கடைக் கொத்து ரொட்டி.