பெயரில்லாதவருக்கு ஒரு டம்ளர் டீ

கல்லறையிலிருந்து மூன்று கற்களை உருவி அடுப்புக் கூட்டி, அதில் வைத்த டீயைத் தெரிந்தே மனைவி சரசுவுக்குக் குடிக்கக் கொடுத்தவன் நான். (பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு எடுத்த அதே வாத்தியார்தான்.)

மகன் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டில், பாலைவனத்துக்குள் கைவிடப்பட்ட பழைய செம்புச் சுரங்கம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். கூரையில்லாத தொழிலாளர் குடியிருப்பு, துருப்பிடித்த தள்ளுவண்டி, இருட்டாக வாய் பிளந்த குழி. ஆளரவமே இல்லை. மகன் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தான். எனக்கு அது ஆகாது. எங்கள் ஊர் வடகரப்பதியில் தோட்டத்துக்குப் போனால் வரப்போரம் மூன்று கல் கூட்டி டீ வைத்தே பழகியவன். சட்டி, டீத்தூளோடுதான் வந்திருந்தேன்.

சற்றுத் தள்ளி ஒரு கற்குவியல். அடுப்புக்கென்றே செய்ததுபோல் இருந்த மூன்றை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் கொதிக்கும்போதுதான் சரியாகத் திரும்பிப் பார்த்தேன். குவியல் ஆள் நீளத்துக்கு இருந்தது. தலைமாட்டில் பெயர் எழுதாத பலகைக்கல். அதற்கப்பால் அதேபோல் இன்னும் சில.

சரசு இழவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் பச்சைத்தண்ணீர் தொடமாட்டாள். அது தெரிந்தும் கல் வந்த இடத்தைச் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். (டீத்தூள் போட்டாச்சுங்களே!)

அவள் பாதி குடித்தபோது குழிப்பக்கம் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல்.

"ஏனுங்க, காவக்காரராட்ட இருக்குது. பாவம், அவருக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க."

"இங்க காவக்காரரே கெடையாதுங்கம்மா" என்றான் மகன்.

"காத்து சரசு" என்றேன்.

மறுபடியும் இருமல். இந்த முறை கற்குவியல் பக்கமிருந்து. மகன் குவியலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான்.

"கல்லு எங்கிருந்துங்கப்பா எடுத்தீங்க?"

சொல்லிவிட்டேன்.

சரசு டம்ளரைக் கீழே வைத்தாள். குளிக்கத் தண்ணீர் கேட்கப்போகிறாள், காரில் இருப்பது குடிக்க மட்டும்தானே என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை.

"எந்த ஊர்லருந்து பொழைக்க வந்தவரோ. அவரு கல்ல எடுத்து, அவருக்கே ஒரு வாய் ஊத்தாம குடிச்சிருக்கறோமுங்க. போயி வெச்சுட்டு வாங்க."

கை பொசுங்கப் பொசுங்கக் கற்களைத் திரும்ப அடுக்கினேன். எப்படித் திருப்பினாலும் கரிப்பிடித்த பக்கம் வெளியே தெரிந்தது. தலைமாட்டில் ஒரு டம்ளர் டீ வைத்து மன்னிப்புக் கேட்டேன். (தமிழில்தான். அவருக்கு என்ன பாஷையோ.)

இருமல் நின்றது. காற்று மட்டும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது வடகரப்பதியில் நான் கேஸ் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தாலும் சரசு உடனே குடிப்பதில்லை. "ஏனுங்க, கல்லு யாரு ஊட்டுதுங்க?" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் கூடுதலாக ஒரு டம்ளர் ஊற்றி ஜன்னலோரம் வைப்பாள்.

ஆறிப்போகிறதே என்று அதை எடுத்துக் குடிக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வந்ததில்லை.