தென்கரை கை தூக்கியது

நடுவில் ஆறு ஓடிய நாடு அது. இருகரை நாடு என்று பெயர். அங்கே அரசன் இருந்தான், அமைச்சர் இருந்தார், வரிகளும் இருந்தன. ஆனால் மக்கள் காலையில் எழுந்ததும் பேசியது கூடைப்பந்தைப் பற்றித்தான். தென்கரையில் ஒரு கல்லூரி, வடகரையில் ஒரு கல்லூரி. இரண்டும் மோதும் ஆட்டத்தைவிட மக்கள் ஆவலோடு காத்திருந்தது வேறொரு நாளுக்கு. ஆண்டுதோறும் மலையூர்களிலிருந்து இறங்கிவரும் நெட்டைப் பையன் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறான் என்று அறிவிக்கும் நாள் அது. தென்கரைத் திடலின் நடுவே மேசை போட்டு ஒரு பச்சைத் தலைப்பாகையும் ஒரு சிவப்புத் தலைப்பாகையும் வைப்பார்கள். பச்சையை எடுத்துக் கட்டினால் தென்கரை, சிவப்பைக் கட்டினால் வடகரை.

தென்கரையின் சட்டங்களும் அதே திடலில்தான் நிறைவேறின. ஊர் முழுக்கக் கூடுவதற்கு வேறு இடம் கிடையாது. அமைச்சர் தீர்மானத்தை வாசிப்பார்; சம்மதிப்பவர்கள் கை தூக்குவார்கள். கைகள் போதாமல் விழுந்துபோன தீர்மானங்கள் நிறைய உண்டு. அமைச்சர் சொக்கநாயகத்துக்கு அதில் மனவருத்தமும் உண்டு.

அந்த ஆண்டு விழப்போவதாக எல்லாரும் நினைத்த தீர்மானம் ஏரித் தண்ணீரைப் பற்றியது. கல்லூரியைச் சுற்றி அழகுக்காக அகழிபோல ஒரு நீராழி வெட்டியிருந்தார்கள். இனி மதகு அதற்கு மட்டுமே திறக்கும் என்றது தீர்மானம். ஏரிக்குக் கீழே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வடிவுக்கு இது உயிர்போகிற விஷயம். நெல்லாவது சில நாள் தாங்கும். வெற்றிலைக்கொடி ஈரம் வற்றினால் கணுக்கணுவாகக் கருகிவிடும். கணவன் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்தக் கொடிக்கால் ஒன்றுதான்.

கூட்டத்துக்குப் போகும் வழியிலேயே கைகளை முந்தானைக்குள் முடிந்துகொண்டாள்.

"என்னடி, குளிருதா?" என்றாள் பக்கத்துக் கொடிக்கால் ஆவுடை.

"தெரியாத்தனமா தூக்கிரக் கூடாதுல்லா."

"நம்ம கை நம்ம பேச்சக் கேக்காதா? நல்ல ஆளு நீ."

அமைச்சர் தீர்மானத்தை நிதானமாக வாசித்தார். பிறகு, "சம்மதம் கேட்பதற்கு முன், மலையூர்ச் செல்வன் வானவராயன் தன் முடிவைத் தெரிவிப்பார்," என்றார். பையன் நடந்து வந்தான். பந்துக்கூடையின் விளிம்பு அவன் கைக்கு எட்டும் என்று பேசிக்கொண்டார்கள். சிவப்பின்மேல் கை வைத்தான். திடல் மூச்சை அடக்கியது. பிறகு கையை நகர்த்திப் பச்சையை எடுத்துத் தலையில் கட்டினான்.

தென்கரை இரண்டு கைகளையும் தூக்கியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் அழுதார். எழுத்தர் அமைதியாகத் தலைகளுக்கு மேலே பார்த்து எண்ணி முடித்து, "ஆட்களைவிட வாக்குகள் அதிகம். தீர்மானம் நிறைவேறியது," என்றார்.

வடிவு தன் கைகளைப் பார்த்தாள். அவையும் மேலே இருந்தன. எப்போது முந்தானையை விட்டு வெளியே வந்தன என்று அவளால் சொல்ல முடியவில்லை. யாரும் பிடித்துத் தூக்கவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மதகு அடைபட்டது. வயல்களுக்குத் தண்ணீர் போகாததால் ஏரி நிறைந்து நின்றது. ஏரி நிறைந்திருப்பதால் நாடு செழித்திருக்கிறது என்று அறிவித்து நிலவரியை உயர்த்தினார்கள். வரி கட்ட முடியாதவர்கள் நீராழியில் பாசி எடுக்கும் வேலைக்குப் போகலாம் என்று அடுத்த ஆணை வந்தது. ஆவுடை போனாள். அவள் கொடிக்கால் முழுக்கப் பட்டுப்போயிருந்தது. வடிவு குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் மிச்சம்பிடித்து, நிழல்பட்ட மூலையில் ஒரே ஒரு வரிசைக் கொடியைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அடுத்த கோடைக்குள் மதகு திறந்தால் அதிலிருந்து பதியன் போட்டுவிடலாம். திறக்காவிட்டால் அதுவும் இல்லை.

கோடைக்கு முன்பே வானவராயன் வடகரைக்குப் போய்விட்டான். அவன் உயரத்துக்கு அங்கே கட்டில் இன்னும் நீளமாம். தென்கரை ஒரு வாரம் அவனைத் திட்டியது. பிறகு இன்னொரு மலையூர்ப் பையன் வருகிறான் என்றதும் மறந்துவிட்டது.

குடிமக்களும் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. வடிவு யோசித்து யோசித்து, புதுப்பையன் அறிவிக்கும் நாளையே கேட்டு வாங்கினாள். அமைச்சர் மறுக்கவில்லை. "மதகு முன்போல வயலுக்கும் திறக்க வேண்டும்," என்று அவள் வாசித்தாள். சம்மதம் கேட்பதற்கு முன் பையன் வந்தான். பச்சையை எடுத்தான். தென்கரை இரண்டு கைகளையும் தூக்கியது.

"எண்ணுங்கய்யா," என்றாள் வடிவு.

"எதை?" என்றார் அமைச்சர்.

"கைய."

"அம்மா, அவை மகிழ்ச்சியில் தூக்கிய கைகள்."

"போன வருசமும் மகிழ்ச்சியிலதான தூக்குனாங்க?"

"போன ஆண்டு அரசின் தீர்மானம் நிலுவையில் இருந்தது. அப்போது தூக்கிய கைகளில் மகிழ்ச்சியைவிட நாட்டுப்பற்றே மேலோங்கியிருந்ததாக எழுத்தர் பதிவு செய்திருக்கிறார்." எழுத்தர் தலையசைத்தார். "ஆயினும் இந்த அரசு சந்தேகத்துக்கு இடம் தராது. அவர்களையே கேட்டுவிடுவோம்."

வடிவு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். வரி கட்ட முடியாதவர்கள், பாசி எடுத்து விரல் வெளுத்தவர்கள், எல்லாரும் அவளுக்குத் தெரிந்த முகங்கள்தான்.

"மதகு தொறக்கணும்னு நெனைக்கிறவங்க கைய எறக்காதீங்க," என்றாள்.

"ஏ, தள்ளி நில்லு. பையன மறைக்கிற," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா தண்ணி தண்ணின்னுக்கிட்டு," என்றார் இன்னொருவர்.

பையன் பேச வாயெடுத்தான். அவன் பேச்சைக் கேட்பதற்காகத் திடல் கைகளை இறக்கி அமைதியானது.

"தீர்மானம் விழுந்தது," என்றார் எழுத்தர்.

வடிவு ஆவுடையின் பக்கத்தில் போய் நின்றாள். அமைச்சர் அடுத்த ஓலையை விரித்தார். இனிக் குடிமக்கள் தீர்மானம் கொண்டுவரும் வழக்கம் ஒழிகிறது என்று வாசித்துவிட்டு, பையனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பையன் நல்லவன். கூட்டத்தைக் கண்டு மிரண்டு போயிருந்தான். "ரொம்ப சந்தோசம். எல்லாரும் எனக்காக ஒரு தடவ கையத் தூக்குவீங்களா?" என்று கேட்டான்.

கைகள் எழுந்தன. வடிவு தன் கைகளை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து ஆவுடைக்கு மனசு கேட்கவில்லை.

"விடுடி, இதுலயாவது கொஞ்சம் சந்தோசமா இரு," என்று சொல்லி, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து மேலே தூக்கினாள்.

எழுத்தர் அதையும் எண்ணிக்கொண்டார்.