ஜப்பான் கதிரும் மார்த்தாண்டத்துச் செல்வதாஸும்

அணு உலை விபத்து நடந்தால் அதன் கேடு எத்தனை தலைமுறைக்கு நிற்கும்? உலகத்து மருத்துவர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு மார்த்தாண்டம் செல்வதாஸின் முகவரி தெரியாது! கையில் கிர்கிர் என்று கத்தும் கதிர்வீச்சுக் கருவி, நெற்றியில் விபூதி, மார்பில் சிலுவை. எந்த மதத்து மடையனையும் திருப்பி அனுப்பாத பரந்த மனசு.

கூட்டம் சாலையை அடைத்தது. வந்தவர் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். கருவி கத்தும். உடனே மூலிகைக் கிழி ஒத்தடம். உடம்பிலுள்ள கதிரைத் தங்கம்தான் இழுக்குமாம். இழுத்த நகையை வீட்டுக்குக் கொண்டுபோனால் குடும்பமே நாசமாம். ஆகவே செல்வதாஸே வைத்துக்கொள்வார். ஊருக்காக எவ்வளவு ஆபத்தைச் சுமக்கிறார் பாருங்கள்! பிறகு மூலையிலுள்ள ஸ்டூலில் உட்காரவைப்பார். கருவி வாயை மூடிக்கொள்ளும். அல்லேலூயா! அரோகரா!

இசபெல் தன் மகன் அபினுக்கு நிச்சயித்த சஜிதாவை அங்கே இழுத்து வந்தாள். சஜிதா ஜப்பானில் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவள். சர்ச்சில் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. அவள் உட்கார்ந்ததும் கருவி ஊரைக் கூட்டியது.

"ஃபுகுஷிமா கதிராக்கும். பிள்ளை பிறக்காது. கல்யாண நகை முழுசும் வச்சாத்தான் இறங்கும்" என்றார் செல்வதாஸ்.

"ஏட்டி, நகையக் கொண்டா. இல்லேன்னா கல்யாணம் கிடையாது, கேட்டியா!" என்றாள் இசபெல்.

அபின் என்றால் சஜிதாவுக்கு உயிர். கண் கலங்கியது. ஆனால் கோபம் கண்ணீரை முந்திக்கொண்டது. எதிர்க்கடையிலிருந்து ஒரு பலாப்பழத்தை, ஊர்ப் பேச்சில் சக்கையை, தூக்கிவந்து மெத்தையில் வைத்தாள். கருவியைப் பிடுங்கி அதன்மேல் காட்டினாள். கருவி அலறியது.

"சக்கை எப்போ ஓய் ஜப்பானுக்குப் போச்சு?" என்று கேட்டார் கூட்டத்திலிருந்த அந்தக் கடை வியாபாரி ராஜையன்.

செல்வதாஸ் அசரவில்லை. "காத்துல ஏறியிருக்கும். கதிர் ஏறின சக்கைல வித்துப் பிடிக்காது."

ராஜையன் வெட்டுகத்தியால் பழத்தைப் பிளந்தார். சுளைக்குச் சுளை கொட்டை! அதே கத்தியை வாங்கிச் சஜிதா மெத்தையைக் கிழித்தாள். பொலபொலவென்று கருமணல் கொட்டியது.

"இது மண்டைக்காட்டுக் கடற்கரை மணலுல்லா!" என்றார் ராஜையன்.

"அதேதான். இதுல இயற்கையாவே கதிர் உண்டு. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனா இதுலதானே உருளுதீங்க? அதனால உடம்புக்கு என்ன வரும்னு படிச்சவங்க இன்னும் ஆராய்ச்சி பண்ணுதாங்க. தெரியலேன்னு சொல்ல அவங்களுக்கு வெக்கமில்ல" என்றபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கிழியும் இல்லை, தங்கமும் இல்லை. கருவி ஓரிரு முறை முனகியதோடு சரி.

நகை மூட்டையோடு பின்வாசலுக்குப் பாய்ந்த செல்வதாஸை ராஜையன் மறித்தார். "கீழ வையும் ஓய், கதிர் உம்ம உடம்புக்கு ஆகாது!"

இசபெல் குழைந்தாள். "மக்களே, கல்யாணம் நடக்கும்லா?"

"நடக்கும் மாமி. பிறக்கிற பிள்ளை உங்களைப் போல இருந்திரக் கூடாதேன்னுதான் இப்போ பயம்."

அய்யா, அம்மா! கழுத்தில் கிடப்பதைக் கழற்றுவதற்கு முன், கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள்.