வாடகைப் படகின் கேப்டன்

கேப்டன்களில் இரண்டு வகை உண்டு. கடலில் கப்பல் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கால்வாயில் ஒருநாள் வாடகைக்குப் படகு எடுத்ததும் தலையில் தொப்பி முளைத்துவிடுகிற இன்னொரு வகையை எனக்கு நன்றாகவே தெரியும். என் அண்ணன் அந்த வகை.

வாரம் முழுக்க அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மூன்றாவது மேசை. அங்கே ஜன்னலைத் திறப்பதற்கும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். ஆனால் காலை ஒன்பது மணிக்குப் படகுக்காரர் சாவியைக் கொடுத்தாரோ இல்லையோ, மனிதர் நெஞ்சை நிமிர்த்திவிட்டார். "வேகம் வேண்டாம் சார், நடக்கிற வேகம் போதும்" என்று படகுக்காரர் ஆரம்பிப்பதற்குள், "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினார். உண்மையிலேயே தெரிந்தவர்கள் இப்படித் தலையாட்டி நீங்கள் பார்த்ததுண்டா?

அவர் கேப்டன். கரையில் இடிக்காமல் தள்ளிவிட நீண்ட கழியோடு நான். கயிற்றோடு அண்ணி.

அண்ணிக்கு அன்றைக்கு ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. இரண்டு வருடமாகப் பேசாமலிருந்த அவருடைய அக்கா, போன வாரம் தானாகவே போன் செய்து, மூன்றாவது பாலத்தடியில் நாலு மணிக்கு நிற்பதாகச் சொல்லியிருந்தார். ஐந்து மணி ரயிலில் திரும்பிவிடுவார். அண்ணி காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டனோ, எதிரே வந்த ஒவ்வொரு படகுக்கும் கையசைத்து, அது கடந்து போனதும் "ஓட்டத் தெரியாதவன்" என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு முறை கரையில் மோதி, ஒரு முறை "காத்து சரியில்ல" என்றும் மறுமுறை "கரை உள்ள தள்ளியிருக்கு" என்றும் விளக்கம் கொடுத்தார். இலைகூட அசையவில்லை. மதியம் படகை ஒரு கரையோரமாக ஒதுக்கி, என்னைக் கழியை ஊன்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முடிச்சு வகுப்பு எடுத்தார். படகின் வளையத்திலிருந்து கயிற்றைக் கழற்றி என் கணுக்காலில் கட்டிக் காட்டினார். அபாரமான முடிச்சு. அதை அவிழ்க்க அரை மணி நேரமாயிற்று.

மூன்றாவது பாலம் தெரிந்தபோது மணி நாலு இருபது. கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, அக்கா நிக்கிறா. எங்கயாவது ஓரமா நிறுத்துங்க."

"எங்கயாவதா? இது என்ன பஸ்ஸா? இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு."

முதல் இடம் பாலத்துக்கு ரொம்பப் பக்கமாம். அடுத்த இடத்தில் மரம் இருக்கிறதாம், இலை விழுமாம். மூன்றாவது இடம் அவருக்குப் பிடித்துப்போனபோது அதைத் தாண்டிவிட்டிருந்தோம். பின்னால் வருகிறேன் பேர்வழி என்று படகைக் கால்வாய்க்குக் குறுக்கே நிறுத்தினார். இரண்டு பக்கமும் படகுகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. மணி நாலு நாற்பது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கரை ஒரு எட்டு தூரத்தில் வந்த கணத்தில், அண்ணி கயிற்றோடு குதித்துவிட்டார்.

"சபாஷ்! இழு! விடாத!" என்று கேப்டன் கத்தினார்.

அண்ணி இழுத்தார். கயிறு வந்தது. முழுக்க வந்தது. வகுப்பு முடிந்த பிறகு அதன் மறுமுனையை வளையத்தில் கட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படகு மெதுவாகக் கரையைவிட்டு விலகியது.

அக்கா பக்கத்தில் வந்து பார்த்தார். "என்னடி, கயிறு மட்டும் வந்திருக்கு?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டார். அந்த இரண்டு வருடக் கோபம் எதற்காக என்று அந்த நிமிடத்தில் கேட்டிருந்தால் இருவருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, கயித்தை நாம கட்டவே இல்ல" என்றேன்.

கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தெரியும்டா. அக்கா தங்கச்சி தனியா பேசட்டும்னு வேணும்னேதான் விட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை உங்கள் வீட்டில் பீரோவை நகர்த்தினீர்களே, "மெதுவா, மெதுவா, உன் பக்கம் தூக்கு" என்று சத்தம் போட்டது யார், தூக்கியது யார்? வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.