கோவாலாவுக்காக விட்ட கட்டில்

எங்கடை நாய் ரொமிக்கு இடம் வீட்டுக்குக் கீழை, பேஸ்மென்ட். மொன்றியலிலை, பியர்பொன்ட்ஸ் பக்கம் வீடு வாங்கின அண்டைக்கு நான் போட்ட சட்டம் அது. மனிசி இமெல்டா அழுதும் பாத்தா, கதைக்காமல் இருந்தும் பாத்தா. நான் மசியேல்லை. ஆம்பிளையெண்டால் ஒரு சொல்லு.

அப்பிடியிருக்க, ஒருநாள் விடியக்காலமை இமெல்டா போனோடை வந்து பக்கத்திலை இருந்தா. கண் கலங்கியிருந்துது.

"இஞ்சாருங்கோ, பிரிஸ்பேனிலை உங்கடை தம்பி யோசெப்பின்ரை வளவுக்கை ஒரு கோவாலா வருதாம். முதுகிலை குட்டி."

வீடியோவைப் பாத்தன். யூக்கலிப்டஸ் மரத்திலை ஒரு சாம்பல் நிறத் தாய். அதின்ரை முதுகை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு குட்டி.

"வடிவாத்தானே இருக்கு. ஏன் அழுறீர்?"

"ராவிலை மரம் மாற நிலத்துக்கு இறங்குமாம். நிலத்திலை அதுக்குத் தப்பத் தெரியாது. போன மாசம் பக்கத்து வீட்டு நாய் வேறை ஒரு கோவாலாவைக் கடிச்சுப் போட்டுது. தூக்கிக்கொண்டு ஓடினவையாம், வழியிலை செத்துப் போச்சு. யோசெப்பின்ரை நாயும் ராவிலை வெளியிலைதானே நிக்குது!"

நான் வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பாத்தன்.

"மொன்றியலிலை இருந்துகொண்டு நாங்கள் என்னப்பா செய்யிறது?"

"எங்களைப் போல ஆக்கள் செய்யக்கூடியது இதுதான். இருட்டினால் நாயை உள்ளுக்கு எடுக்கச் சொல்லுறது. நீங்கள் மூத்தவர். நீங்கள் சொன்னால் யோசெப் தட்டமாட்டார்."

மூத்தவர்! அந்தச் சொல்லுக்கு என்ரை நெஞ்சு தானாய் நிமிர்ந்துது. எங்களுக்கு விடிஞ்சால் அவைக்கு இருட்டு. உடனை யோசெப்புக்குப் போன் எடுத்தன்.

"தம்பி, நாயை உள்ளுக்கு எடு. இப்பவே!"

"அண்ணை, நாயை வீட்டுக்கை விட எனக்கு மனமில்லை. உங்கடை ரொமி எங்கை படுக்கிறது?"

"உள்ளுக்குத்தான்."

"உள்ளுக்கெண்டா?"

"பேஸ்மென்டிலை."

"இஞ்சை பேஸ்மென்ட் இல்லை அண்ணை. படுக்கிற அறைதான் இருக்கு. நீங்கள் அறைக்கை விட்டால் நானும் விடுறன்."

இமெல்டாவைப் பாத்தன். அவ முகட்டைப் பாத்துச் சிலுவை போட்டா. அந்தக் குட்டியின்ரை கை என்ரை கண்ணுக்கை நிண்டுது. சட்டமாவது மண்ணாவது!

"விடுறனடா. நீ முதல்லை கதவைத் திற."

அண்டைக்கு இரவு ரொமியை நானே மேலை கூட்டிக்கொண்டு வந்தன். நிலத்திலை பழைய போர்வை விரிச்சன். அது போர்வையை மணந்து பாத்துப்போட்டுக் கட்டிலிலை ஏறிச்சுது. நடுக்கட்டிலிலை, குறுக்காலை. இமெல்டா ஒரு கரையிலை கிடந்து, "பாவம், குளிருக்கை இவ்வளவு காலமும்" எண்டா. நான் சோபாவுக்குப் போனன். போகேக்கை ஒரு செபமும் சொன்னன். பகிடியில்லை, அந்தத் தாய்க்காகத்தான்.

விடிய யோசெப் புது வீடியோ அனுப்பினான். தாய் இறங்குது. நிலத்திலை நிண்டு காது குடுக்குது. குட்டியோடை வளவைக் கடந்து அங்காலை மரத்திலை ஏறுது. நாய் இல்லை, ஒரு சத்தமில்லை. நான் அழுதிட்டன்.

போன் எடுத்து, "தம்பி, நல்ல காரியம் செய்தாய்" எண்டன்.

"நான் என்னண்ணை செய்தனான்? போன மாசம் மற்றது செத்த அண்டைக்கே அண்ணி என்னைக் கிழிகிழியெண்டு கிழிச்சவ. அண்டையிலையிருந்து எங்கடை நாய் உள்ளுக்குத்தான்."

"அப்ப நேற்று நீ கேட்டது?"

"அதுவும் அண்ணி சொல்லித் தந்ததுதான்."

போனை வைச்சிட்டு அறைக்குப் போனன். இமெல்டா என்ரை தலையணைக்குப் புது உறை போட்டுக்கொண்டு நிண்டா. ரொமிக்காம்.