கூழ்வண்டியும் நாலாயிரம் கண்களும்

ஏழு ஆறுகளும் ஒரே ஒரு பெரிய சந்தையும் கொண்டது செம்பனை நாடு. அந்தச் சந்தையின் கிழக்கு வாசலில் அஞ்சுகம் என்ற பெண் பதினான்கு வருடங்களாகத் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் விற்றுவந்தாள். ஒரு நாள் பட்டப்பகலில் அவள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போய்த் திரும்பினால், வண்டியைக் காணோம். கூழ்ப்பானைகளை மட்டும் மரியாதையாக ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு வண்டியை யாரோ உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

அரண்மனைக்கு ஓடிப்போய்ப் புகார் கொடுத்தாள். "வண்டி கிடைச்சாப் போதும் சாமி, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அந்தக் கடைசிப் பகுதியை எழுத்தர் எழுதிக்கொள்ளவில்லை. ஏழைப் பெண்ணின் புகாரைப் படித்து அரசர் இமையவர்மர் கண்கலங்கினார் என்று மறுநாள் நாடெங்கும் முரசறைந்தார்கள். அதற்கு அடுத்த நாள் ஒருங்கிணைந்த விழித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

சந்தையில் நாலாயிரம் கம்பங்கள் நடப்பட்டன. கம்பத்துக்கு ஒரு கண்ணாடிக் கண். எல்லாக் கண்களும் பார்ப்பது, ஊருக்கு நடுவே எழுப்பப்பட்ட விழி மாளிகையில் ஒரே சுவரில் தெரியும். திட்டத்தின் தலைவராக அமைச்சர் திருவிழியார் பொறுப்பேற்றார். அஞ்சுகத்துக்கு ஒரு மாலை போட்டார்கள். வண்டி வரவில்லை.

முதல் வாரத்திலேயே, கண்களை இலைகள் மறைக்கின்றன என்று சந்தையிலிருந்த வேப்பமரங்களையெல்லாம் வெட்டினார்கள். கடைப் பந்தல்களையும் பிரித்தார்கள். பானைகளைத் தரையில் வைத்து விற்ற அஞ்சுகத்தின் கூழ், உச்சிப்பொழுதுக்கு முன்பே புளித்துப்போனது. பார்வையிட வந்த திருவிழியாரை அவள் வழிமறித்தாள்.

"ஐயா, வெயிலு மண்டையப் பொளக்குது. மரத்த எதுக்கு வெட்டினீங்க?"

"வெயிலில்தான் அம்மணி, முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன."

"என் வண்டி தெரிஞ்சுதா?"

"உங்கள் வண்டி களவு போனது திட்டத்துக்கு முன்பு. திட்டத்துக்கு முந்தைய காலத்தைக் கண்கள் பார்ப்பதில்லை."

திட்டத்துக்குப் பிந்தைய காலத்திலும் அவை எதையும் பார்த்த மாதிரி தெரியவில்லை. வெற்றிலைக் கடைச் சடையனின் பித்தளைத் தராசு போனது. பாய்க்கடைப் பெஞ்சு போனது. ஒவ்வொன்று போகும்போதும் ஓர் ஆணை வந்தது. குடை பிடிக்கக் கூடாது. தலையில் முண்டாசு கூடாது. கண்ணுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. நாலு பக்கமும் கண் இருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று கேட்ட சடையனைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பிறகு வாசலில் கதவு வந்தது. பெருவிரலை வைத்தால்தான் திறக்கும். பதினான்கு வருடம் பானை தேய்த்ததில் அஞ்சுகத்தின் விரலில் ரேகையே இல்லை. கதவு மூன்று முறை சிவப்பாக மின்னியது.

"இந்த விரல் உங்களுடையதல்ல" என்றான் காவலன்.

"அப்ப யாரோடதுப்பா? கையோட ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு?"

"பதிவில் அப்படி இல்லை."

பத்து நாள் அவள் வாசலுக்கு வெளியே பானையோடு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு சரியாக எரியாத வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் வீடு. பதினோராம் நாள் இரண்டு காவலர்கள் வந்து அவளை விழி மாளிகைக்கு அழைத்துப் போனார்கள். வண்டி கிடைத்துவிட்டது என்று நினைத்து, கொண்டையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

மாளிகையில் திருவிழியார் ஓலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். "அம்மணி, களவு நடந்த இடங்களையெல்லாம் ஆராய்ந்தோம். எல்லா இடங்களிலும் ஒரு முகம் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் முகம்."

"வண்டியைத் தேடித்தானே ஐயா இடம் இடமா அலைஞ்சேன்!"

"தேடுகிறவர்தான் அதிகம் தென்படுகிறார். ஆகவே முதல் சந்தேகம் உங்கள் மீது. பின்கட்டில் காத்திருங்கள். விசாரணை பிற்பகலில்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே வேலியோரத்தில் நீல நிறத் தள்ளுவண்டி ஒன்று நின்றது. மேலே கண்காணிப்பாளர்களுக்கான தேநீர்ப் பாத்திரங்கள். வலது சக்கரத்தில் அவள் கையால் அடித்த மூன்று ஆணிகள். பக்கத்தில் பாய்க்கடைப் பெஞ்சு. அதில் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்து சடையனின் தராசுத் தட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் போட்ட கூச்சலில் திருவிழியார் ஓடிவந்தார்.

"இவை பொதுநலன் கருதித் தற்காலிகமாகக் கையகப்படுத்தப்பட்ட பொருட்கள். வண்டி, திட்டத்துக்கான முன்னேற்பாடு" என்றார், மூச்சு வாங்க.

"நாலாயிரம் கண்ணு வச்சிருக்கீங்களே, இது தெரியலையா?"

"மாளிகைக்குள் கண் கிடையாது. நம்மை நாமே பார்த்துக்கொண்டிருந்தால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது?"

அஞ்சுகம் சுற்றிலும் பார்த்தாள். கம்பமில்லை, கண்ணாடியில்லை.

"அப்ப இங்க நடக்கிறது எதுவும் பதிவாகாதா?"

"ஒருபோதும் ஆகாது" என்றார் திருவிழியார், பெருமையாக.

"ரொம்ப நல்லது ஐயா."

தேநீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். வண்டியைத் திருப்பினாள். நிறுத்தச் சொல்லக் காவலர்களுக்கு ஆணை வேண்டும். ஆணை எழுத, நடந்ததற்குப் பதிவு வேண்டும். திருவிழியாரும் காவலர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் வண்டி தெருவுக்கு வந்துவிட்டது. வழியில் கண்டவரிடமெல்லாம் எங்கே கிடைத்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை சடையன் மாளிகையின் பின்வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் பாய்க்கடைக்காரர். அவருக்குப் பின்னால் வரிசை சந்தை வரை நீண்டது. கூச்சல் இல்லை, கல் இல்லை. வந்தவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார்கள்.

திருவிழியார் தலைப்பாகை அவிழ அரண்மனைக்கு ஓடினார். "அரசே, பெரும் ஆபத்து! மக்கள் நம்மைப் பார்க்கிறார்கள்!"

அரசர் வெலவெலத்துப் போனார். அன்று மாலையே, மாளிகையின் ஜன்னல்களுக்கெல்லாம் தடித்த திரை தைக்க ஆணை பிறந்தது.